பெண்கள் பக்கம்

முக்காடுகளுக்கு நடுவே ஒரு வழுக்கைத் தலை, அது தன்னுடையதுதான் என்று ஞானதுரைக்குத் தெரிகிறது, ஆனாலும் வழி தப்பிப் பெண்கள் பக்கம் வந்து உட்கார்ந்துவிட்ட யாரோ ஒரு கிழவரை வாசலில் நின்று பார்ப்பதுபோலவும் இருக்கிறது, முன்பெஞ்சில் வெள்ளைச் சேலை, இந்தப் பக்கம் கத்தரிப்பூ நிறத்தில் ஒன்று, பவுடரும் பிச்சிப்பூவும் காயாத தலைமுடியும் கலந்த வாசனை, எழும்புங்க என்று மனைவி லீதியாள் அவர் முழங்கையைத் தட்டுகிறாள், அவர் எழும்புகிறார், எல்லோரும் எழும்பியிருக்கிறார்கள், பாட்டு தொடங்கிவிட்டது, அவர் கையில் பாட்டுப் புத்தகம் இருக்கிறது, எத்தனையாவது பாட்டு என்று தெரியவில்லை, லீதியாளிடம் புத்தகம் இல்லை, அவளுக்கு அது வேண்டியதும் இல்லை, எல்லாச் சரணமும் ஒரு சொல் பிசகாமல் அவள் வாயிலிருந்து வருகிறது, இன்று காலை பல் துலக்கும் பிரஷைக் கையில் வைத்துக்கொண்டு இது எதுக்கு என்று கேட்டவள், அதைக்கொண்டு தலை சீவப்போனவள், இவள்தானா அவள், அவர் திரும்பிப் பார்க்கிறார், உக்காருங்க, மறுபடி முழங்கையில் ஒரு தட்டு, எல்லோரும் உட்கார்ந்துவிட்டார்கள், அவர் மட்டும் நின்றுகொண்டிருக்கிறார், பின்னால் ஒரு சின்னப் பெண் களுக்கென்று சிரிக்கிறாள்.

பாளையங்கோட்டையில் அந்தத் தெருவில் சிலுவை வைத்த கோபுரத்தோடு நிற்பதைச் சர்ச் என்று யாரும் சொல்வதில்லை, கோயில்தான், போதகரை ஐயர் என்பார்கள், உள்ளே நடுவில் நடை, இடப்பக்கம் ஆண்கள், வலப்பக்கம் பெண்கள், யார் வைத்த முறை என்று தெரியாது, அப்படியே நடந்து வருகிறது, கைப்பிள்ளையாக இருக்கும்வரை பையன்கள் அம்மாவோடு வலப்பக்கம், கொஞ்சம் வளர்ந்ததும் அப்பாவோடு இடப்பக்கம், அதற்குப் பிறகு எந்த ஆணும் அந்த நடையைத் தாண்டுவதில்லை, ஞானதுரையோ இரண்டு பக்கமும் இல்லாமல் வெளியே இருந்தவர், பதினைந்து வருஷமோ அதற்கு மேலேயோ, ஞாயிற்றுக்கிழமைதோறும் லீதியாளை ஸ்கூட்டரில் கொண்டுவந்து வாசலில் இறக்கிவிடுவார், எதிரே டீக்கடையில் உட்கார்ந்து பேப்பர் படிப்பார், ஆராதனை முடிந்து அவள் வந்ததும் ஏற்றிக்கொண்டு போவார். அவர் படியேறாததற்குக் காரணம் உண்டு, மின்வாரியத்தில் வேலை பார்த்தவர், கோயிலுக்கு வயரிங் முழுவதையும் லீவு போட்டுத் தானே நின்று செய்தார், அப்புறம் ஒரு சபைக் கூட்டத்தில் யாரோ எழுந்து, ஞானதுரை போட்ட லைன்ல மைக்கைத் தொட்டா ஐயருக்கே ஷாக் அடிக்கு என்று சொல்ல, பெண்கள் பக்கமிருந்து முதலில் ஒரு சிரிப்பு வந்தது, கணீரென்று, அதைப் பிடித்துக்கொண்டு கோயிலே சிரித்தது, சொன்னவன் முகம் இப்போது நினைவில் இல்லை, சிரிப்பு மட்டும் இருக்கிறது, அது செல்லக்கனியின் சிரிப்பு, கீழத்தெருவில் மாவு மில் வைத்திருக்கும் செல்லக்கனி, மெஷின் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசி அவளுக்குக் குரலே அப்படி, அன்று எழுந்து வெளியே வந்தவர்தான், இனிமே இந்தப் படி ஏற மாட்டேன் என்றார், லீதியாள் வீட்டுக்கு வந்து சோறு போட்டாள், நான் போவேன் என்று மட்டும் சொன்னாள், போய்க்கொண்டே இருந்தாள்.

லீதியாளுக்கு மறதி எப்போது வந்தது என்று டாக்டர் கேட்டபோது அவர் விழித்தார், குழம்பில் இரண்டு தரம் உப்புப் போட்டபோதா, கேஸை அணைக்காமல் விட்டபோதா, இல்லை ஒரு மத்தியானம் அவருக்கு எதிரே உட்கார்ந்து, எங்க வீட்டுல அவ்வோ வாற நேரமாச்சு, நீங்க கெளம்புங்க என்று மரியாதையாகச் சொன்னபோதா, வேடிக்கைக்குச் சொல்கிறாள் என்று அவர் சிரித்தார், அவள் சிரிக்கவில்லை, முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு கதவைப் பார்த்தாள், அவர் செருப்பைப் போட்டுக்கொண்டு தெருவை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்தார், வந்தாச்சா, ஏன் இவ்வளவு நேரம் என்று அவளே கதவைத் திறந்தாள், அப்படியானால் வெளியே போனவர் யார், உள்ளே வந்தவர் யார், அன்றிலிருந்து இந்தக் கேள்வி அவரோடேயே நடக்கிறது, கடைக்குப் போகும்போதும், கண்ணாடிமுன் சவரம் செய்யும்போதும். புனேயில் வேலை பார்க்கும் மகன் ரூபன் தினமும் போன் பண்ணினான், அப்பா, ரெண்டு பேரும் இங்க வந்திருங்க, பாத்துக்கிட ஆள் போட்டுருதேன், லிஃப்ட் இருக்கு, ஆசுபத்திரி பக்கம், அங்க தனியா என்ன செய்வீங்க, அவன் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை, அங்கே தமிழில் ஆராதனை உண்டாடே என்று கேட்க நினைத்தார், பிறகு கூச்சமாகிவிட்டது, வருஷக்கணக்காகப் படியேறாதவன் எந்த வாயால் அதைக் கேட்பது, பாப்போம் என்று போனை வைத்தார்.

ஒரு புதன்கிழமை, சாப்பிட்டுவிட்டுச் சாய்வு நாற்காலியில் கண் அசந்தவர், கனவில் ஒரு மின்கம்பத்தின் உச்சியில் நிற்கிறார், கீழே ஏணியைப் பிடித்திருக்கிறவள் லீதியாள், கல்யாணமான புதிதில் இருந்த லீதியாள், விட்டுராத என்கிறார், அவள் அண்ணாந்து பார்த்துச் சிரித்துக்கொண்டே கையை எடுக்கிறாள், திடுக்கிட்டு விழித்தால் வாசல் கதவு அகலத் திறந்து கிடக்கிறது, அடுக்களையில் இல்லை, குளியலறையில் இல்லை, மாடியில் கொடியில் அவளுடைய சேலை மட்டும் காற்றில் ஆடிக்கொண்டிருக்கிறது, பஸ் ஸ்டாண்டுக்கு ஓடி நின்ற பஸ்ஸிலெல்லாம் ஏறி இறங்கினார், ஒரு அம்மா, வயசானவ, ரோஸ் சேலை, இல்ல பச்சையோ, காலையில் அவர்தான் கட்டிவிட்டார், என்ன நிறம், அவருக்குத் தெரியவில்லை, ஒரு கண்டக்டர், நிறம்கூடத் தெரியாம எப்படிப் பெரியவரே தேடுவீங்க என்றார், கோபமாக அல்ல, இரக்கமாக, அந்த இரக்கம்தான் அவரை நடுவழியில் நிறுத்தியது, போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகத்தான் ஸ்கூட்டரைத் திருப்பினார், அது மாவு மில் வாசலில் போய் நின்றது, இந்த ஊரில் இத்தனை வருஷம் இருந்தும் அவர் மனசில் வந்த வாசல் அது ஒன்றுதான், ஏன் அது என்று இப்போதும் அவருக்குப் புரியவில்லை.

செல்லக்கனி மிளகாய் அரைத்துக்கொண்டிருந்தாள், லீதியாளக் காணல என்றார், மெஷின் சத்தத்தில் அவளுக்குக் கேட்கவில்லை, என்ன அண்ணாச்சி என்று கையைக் காதில் வைத்தாள், லீதியாளக் காணல என்று அவர் கத்தவும் அவள் சுவிட்சை அணைக்கவும் சரியாக இருந்தது, அந்தக் கத்தல் தெருவெல்லாம் கேட்டது, அவளோ முகத்தைத் துடைத்துக்கொண்டு, இன்னைக்கு என்ன கெழமை அண்ணாச்சி என்று கேட்டாள், என்ன கேள்வி இது, புதன் என்றார், அப்ப ஆசுபத்திரிக்குத்தான் போயிருப்பாவ, மதினி எந்தப் புதன் போவாம இருந்திருக்காவ, எந்த ஆசுபத்திரி, எதுக்கு என்று அவர் கேட்டதும், உங்களுக்குத் தெரியாதா என்றாள் செல்லக்கனி, பெரிய ஆசுபத்திரியில பொம்பளையாளுவ வார்டு, பாக்க யாரும் வராத சீக்காளியளுக்கு ரொட்டி வாங்கிட்டுப் போவோம், தல சீவி விடுவோம், ஒரு ஜெபம் பண்ணுவோம், எங்களையெல்லாம் இழுத்துட்டுப் போனதே மதினிதான், என் கல்யாணத்துக்கு முந்தியே போய்க்கிட்டு இருந்தாவ. புதன்கிழமை அவள் பெண்கள் சங்கத்துக்குப் போகிறாள் என்பது அவருக்குத் தெரியும், சங்கம் என்றால் பாயில் உட்கார்ந்து பேசிவிட்டு டீ குடித்துவிட்டு வருவது என்றுதான் அவர் வைத்திருந்தார், அவள் சொல்லவில்லையா, சொன்னபோது அவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தாரா, ஒரே வீட்டில், ஒரே சோற்றுப் பானையில், ஸ்கூட்டரை மில் வாசலிலேயே விட்டாயிற்று, ஆட்டோ ஓடிக்கொண்டிருக்கிறது, செல்லக்கனி பக்கத்தில் உட்கார்ந்து யார் யாருக்கோ போன் பண்ணுகிறாள், நீ பஸ் ஸ்டாண்டுல நில்லு, நீ கோயில் வாசல்ல நில்லு, ஒருவேள அங்க வந்தாலும் வருவாவ, அவளுடைய சேலையிலிருந்து கிளம்பிய மிளகாய்க் காரத்தில் அவர் கண்ணில் நீர் வடிகிறது, காரத்தில்தான் வடிகிறது.

வார்டில் நடுக் கட்டிலின் ஓரத்தில் லீதியாள் உட்கார்ந்திருந்தாள், சேலை நீலம், முன்னேபின்னே தெரியாத ஒரு பெண்ணின் தலையை மடியில் சாய்த்து, சிக்கெடுத்துச் சீவிக்கொண்டிருந்தாள், அந்தப் பெண் கண்ணை மூடியிருந்தாள், யாரு பெத்த மகராசியோ, வந்ததுலருந்து ஒவ்வொரு கட்டிலா இப்பிடித்தான் சீவி விடுதாவ, பேரு கேட்டாச் சிரிக்காவ என்றாள் பக்கத்துக் கட்டில்காரி, லீதியாள் நிமிர்ந்து செல்லக்கனியைப் பார்த்தாள், ஏன் பிந்தி வாற என்று அதட்டினாள், அவரையும் பார்த்தாள், எந்தச் சீக்காளியின் ஆள் என்று நினைத்தாளோ, கவலப்படாதிய, சரியாயிரும் என்றாள், அவர் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, சரிம்மா என்றார்.

அதற்கு அடுத்த ஞாயிறு வாசலில் இறக்கிவிட்டுப் போகப் பயமாக இருந்தது, இந்தக் கதவு வழியாகப் போனவள் அந்தக் கதவு வழியாக வெளியேறிவிட்டால், அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு படியேறினார், படி ஏறியது தெரியவேயில்லை, உள்ளே வந்த பிறகுதான் உள்ளே வந்திருக்கிறோம் என்று திகைத்தார், ஆண்கள் பக்கம் அவள் வர மாட்டாள், கையை உதறுகிறாள், பெண்கள் பக்கம் அவர் எப்படிப் போவது, நடையின் நடுவில் இருவரும் நிற்கிறார்கள், பாட்டு ஓடுகிறது, எல்லாக் கண்ணும் இங்கே, செல்லக்கனி பெஞ்சில் நகர்ந்து மற்றவர்களையும் இடித்து நகர்த்தி, இங்கன இரிங்க அண்ணாச்சி, யாரும் உங்களக் கடிச்சுற மாட்டோம் என்றாள், கோயிலில் அவள் மெதுவாகப் பேசினால்கூட பலிபீடம்வரை கேட்கும், அவர் உட்கார்ந்தார். ஆராதனை முடிந்து வாசலில் கை கொடுத்த ஐயர் புதியவர், சின்ன வயசுக்காரர், நீங்க என்று தயங்கினார், ஞானதுரை என்று சொல்லத்தான் வாயெடுத்தார், லீதியாள் வீட்டுக்காரர் என்று வந்தது, ஐயர் முகம் மலர்ந்தது, ஓ, லீதியாம்மா வீட்டுக்காரரா என்று இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார், இத்தனை வருஷம் அவள்தான் ஞானதுரை சம்சாரம் என்று இருந்தது, அது எப்போது திரும்பியது.

பிறகு சங்கத்துப் பெண்கள் வீட்டுக்கு வரத் தொடங்கினார்கள், யாரும் வரலாமா என்று கேட்கவில்லை, லீதியாள் தன்னைக் குளிப்பாட்ட அவரை விடுவதில்லை, ஆம்பள முன்னால எப்பிடி, சீ, போங்க என்று சுவரோடு ஒண்டிக்கொள்வாள், அவர் வாளியோடு வெளியே நிற்பார், கட்டிய புருஷன் என்று எப்படி நிரூபிப்பது, கல்யாணப் போட்டோவைக் காட்டினால் அதிலிருக்கும் பையனைப் பார்த்துச் சிரிக்கிறாள், இவரைப் பார்த்து நடுங்குகிறாள், இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை, ஆனால் ஒருநாள் காலை செல்லக்கனி வந்து, நீங்க போயி பால் வாங்கிட்டு வாங்க என்று அவரை அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினாள், திரும்பி வந்தபோது உள்ளே தண்ணீர் ஊற்றும் சத்தம், லீதியாள் பாடும் சத்தம், அடுத்த நாள் வேறொருத்தி, அதற்கடுத்த நாள் இன்னொருத்தி, மதியங்களில் மில்லில் கொண்டுபோய் உட்கார வைத்துக்கொள்வார்கள், லீதியாள் யாருடைய உளுந்திலோ கல் பொறுக்கிக்கொண்டிருப்பாள், பொறுக்கிய கல்லையும் உளுந்தையும் மறுபடி ஒன்றாகக் கொட்டுவாள், செல்லக்கனி புடைக்கிற சொளகை மறுபடி அவள் கையில் கொடுப்பாள். இவர்கள் இதையெல்லாம் எதற்குச் செய்கிறார்கள், அவருக்காக அல்ல, அவர் என்ன செய்தார், அவளுக்காகவா, அவளுக்கு நாளை நினைவிருக்காது, யேசுவுக்காகவா, அப்படியும் யாரும் சொல்லிக்கொள்ளவில்லை, கோயிலில் எல்லோரும் முழங்காலிடும் நேரத்தில் அவரும் முழங்காலிடுகிறார், கண்ணை மூடினால் எதிரே ஒருவரும் இல்லை, பக்கத்தில் மட்டும் ஆள் இருக்கிறது, மூச்சு விடுகிறது, இதுதான் ஜெபமா என்று கேட்டால் என்ன சொல்வது.

ஒரு சாயங்காலம் மில்லில் கூட்டமில்லாதபோது அவரே கேட்டுவிட்டார், செல்லக்கனி, அன்னைக்கு அந்தக் கூட்டத்துல நீ ஏம்மா அப்பிடிச் சிரிச்ச, எந்தக் கூட்டம் அண்ணாச்சி, அதான், மைக் ஷாக் அடிக்குன்னு சொன்னானே, அவள் யோசித்தாள், அவளுக்குத் தெரியவில்லை, பிறகு தெரிந்தது, அய்ய, அந்தக் கூட்டத்துக்கு நான் எங்க வந்தேன், எங்கம்மா தவறின வாரம்லா அது, நான் திசையன்விளையில கெடந்தேன், நீங்களும் மதினியும் துட்டி கேக்க வந்தியள, மறந்துட்டியளா, துட்டிக்குப் போனது அவருக்கு நினைவிருந்தது, செல்லக்கனி தலைவிரி கோலமாக லீதியாளின் தோளில் விழுந்து அழுததும் நினைவிருந்தது, அது அதே வாரமா, அப்படியானால் அந்தச் சிரிப்பு யாருடையது, வருஷக்கணக்காகக் காதில் வைத்திருந்தாரே, கணீரென்று, இப்போதும் கேட்கிறதே, எல்லாவற்றையும் மறந்தவள் அங்கே கல் பொறுக்குகிறாள், எதையும் மறக்காதவர் இங்கே நிற்கிறார், அவர் நினைவில் வைத்திருந்தது நடக்கவேயில்லை, ஏன் அண்ணாச்சி, அதுக்காகவா இம்புட்டு நாளு வரல என்று செல்லக்கனி கேட்டாள், இல்ல இல்ல என்றார், வேறு காரணம் ஏதாவது இருந்திருக்கும், இருந்திருக்க வேண்டும், வீடு திரும்பும்வரை தேடிப் பார்த்தார், கிடைக்கவில்லை.

ரூபன் வந்துவிட்டான், திங்கட்கிழமை மூன்று பேருக்கும் டிக்கெட், பெட்டிகள் கட்டியாகிவிட்டது, செல்லக்கனியிடம் சொன்னபோது, மகன் கூடப் போறது நல்லதுதான் அண்ணாச்சி, உங்களுக்கும் ஒத்தாசை வேணும்லா என்று சொல்லிவிட்டு மெஷினைப் போட்டாள், அரைக்க அதில் ஒன்றும் இல்லை, வெறுமனே ஓடியது, போகாதிய என்று அவள் சொல்லுவாள் என்று எதிர்பார்த்தாரோ, யாரும் சொல்லவில்லை, அவரும் சொல்லவில்லை, போனால் ரூபனுக்கு நிம்மதி, இருந்தால் யாருக்கு, அவருக்கா அவளுக்கா, கேட்க வேண்டியவளிடம் கேட்டால், நான் எங்கயும் போகல, எனக்குக் கோயிலுக்கு நேரமாச்சு என்கிறாள், அவளுக்கு எல்லா நாளும் ஞாயிறு.

புறப்படுவதற்கு முந்தின நாள் அசனம், வருஷத்துக்கு ஒருதரம் சபையார் எல்லோரும் கோயில் வளாகத்தில் ஒன்றாகச் சமைத்து ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுகிற நாள், பந்தலுக்குக் கீழே அண்டா அண்டாவாகச் சோறு, ஆட்டுக்கறிக் குழம்பின் வாசனை தெருமுனைவரை, நீ லீதியாள் அத்தை மகன்தானே, வா, வாளியப் பிடி என்று யாரோ ரூபன் கையில் குழம்பு வாளியைக் கொடுத்துவிட்டார்கள், அவன் பேண்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு பந்தி பந்தியாக ஓடுகிறான், லீதியாளைப் பெண்கள் தங்களோடு வைத்திருந்தார்கள், இலை போடும் வேலை அவளுக்கு, போட்ட இலைமேலேயே இன்னொரு இலை போடுகிறாள், பின்னால் வரும் ஒருத்தி ஒன்றை உருவிக்கொண்டு போகிறாள், ஞானதுரை மதிலோரம் நிற்கிறார், உட்கார வேண்டியதுதான், எங்கே உட்காருவது என்று தெரியவில்லை, குடும்பம் குடும்பமாக, சிநேகிதம் சிநேகிதமாகப் பாய்கள் நிறைந்துவிட்டன, நாளைக்கு ஊரைவிட்டுப் போகிறவர் எந்தப் பாயில் உட்காருவது. அப்போது லீதியாள் அவரைப் பார்த்துவிட்டாள், கையில் இலைக்கட்டோடு நேராக வருகிறாள், முகத்தில் அடையாளம் இல்லை, பயமும் இல்லை, வீட்டில் அவரைக் கண்டால் வருமே அந்தப் பயம், அது துளியும் இல்லை, இது அவளுடைய இடம்.

ஏன் தனியா நிக்கிய என்றாள், புதுசா வந்திருக்கியளா, அவர் ஒரு கணம் தடுமாறி, ஆமா என்றார், எந்த ஊரு, இந்த ஊருதான், இந்த ஊருல இருந்துக்கிட்டா இம்புட்டு நாளு வரல, வரல என்றார், சரி, வந்தாச்சுல்லா என்றாள், அவ்வளவுதான், ஏன் என்று கேட்கவில்லை, அவர் முழங்கையைப் பிடித்துக் கூட்டத்துக்குள் கொண்டுபோனாள், செல்லக்கனி, கொஞ்சம் தள்ளி இரி, இவ்வோ புதுசு, செல்லக்கனி அண்ணாந்து பார்த்தாள், அவர் முகத்தையும் அவள் முகத்தையும் பார்த்தாள், வாயைத் திறக்காமல் தள்ளி உட்கார்ந்தாள், அவர் சம்மணம் போட்டு உட்கார்ந்தார், லீதியாள் குனிந்து அவர் முன்னால் இலை விரித்தாள், ஒன்றே ஒன்று, சரியாக, தண்ணீர் தெளித்துத் துடைத்தும் விட்டாள், வீட்டுல பொம்பளையாளு இருக்காவளா என்று கேட்டாள், இருக்கா என்றார், அவ்வோளையும் கூட்டிட்டு வாங்க, தனியாப் போட்டுட்டு வராதிய, தம்பி, இங்க ஊத்து, இவ்வோ மொத தரம் வந்திருக்காவ, தம்பி என்று அவள் கூப்பிட்டது ரூபனை, அவன் வாளியோடு வந்து நின்றவன் அம்மாவையும் அப்பாவையும் பார்த்தான், கரண்டி பாதியில் நின்றது, அடுத்த ஞாயித்துக்கிழமையும் வருவியளா என்று லீதியாள் கேட்டாள், அவருக்கு எதிரே இரண்டு முகம், ஒன்று அவரைத் தெரியாத முகம், ஒன்று அவரிடமிருந்து எதையோ தெரிந்துகொள்ளக் காத்திருக்கும் முகம், கூட்டிட்டு வாரேன் என்றார் ஞானதுரை, யாரைப் பார்த்துச் சொன்னார் என்று அவருக்கே தெரியவில்லை, ரூபன் மெதுவாகக் குழம்பை ஊற்றினான், கறித்துண்டாகத் தேடி ஊற்றினான், நாளைக்கு அவன் தனியாகத்தான் ரயிலேறப் போகிறான், மாசம் ஒருதரம் வாரேம்பா என்று ஜன்னல் வழியாகச் சொல்லப் போகிறான், செய்தது சரியா தப்பா என்று பிளாட்பாரத்தில் நின்று அவர் குழம்பப் போகிறார், ஆனால் அது நாளைக்கு, இப்போது இலையில் சோறு ஆவி விடுகிறது, வெக்கப்படாமச் சாப்பிடுங்க, மொதல்ல அப்பிடித்தான் இருக்கும் என்கிறாள் லீதியாள்.